அசையாதீங்கோ அம்மா

நவம்பர் 3
மழை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா. அவரின் வலக்கை இன்னும் அசையவில்லை.

நவம்பர் 4
சாப்பாட்டுப் பெட்டியை வாங்கும்போது சின்னம்மா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அம்மாவை நல்ல படம் ஒண்டு எடுத்து வையன்." ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கல்வெட்டுக்கு, அதாவது செத்தவீட்டு நினைவு மலருக்கு, அவசரமாகப் படம் தேடும் வீடுகளை எனக்குத் தெரியும். கடைசியில் அடையாள அட்டையைத்தான் கொண்டுவருவார்கள். அதைப் பெருப்பித்து, தலைமுடியைக் கறுப்பாக்கி, வேறு சேலை உடுத்திக் கொடுத்திருக்கிறேன். அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள். அந்த முகம் அந்த மனிதருடையதுதானா என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

கமராப் பையைத் திறக்கவில்லை.

நவம்பர் 5
நித்திரை வரவில்லை. படம்பிடிப்பின் முன்னோடி டகேர் எடுத்த அந்தத் தெரு திரும்பத் திரும்ப வருகிறது. 1838, பாரிஸ். உயரத்து யன்னலில் இருந்து எடுத்த படம். தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் பிடித்த காலம். சனம் நடமாடிய தெருதான், ஆனால் நகர்ந்த எவரும் பதியவில்லை. சப்பாத்து மினுக்க ஒருவர் காலை நீட்டி நின்றார். நின்றபடியால் இருக்கிறார். மனிதர் தெரிகிற முதல் படம் அது என்கிறார்கள்.

தொழில் பழகும்போது இதை வெறும் வெளிச்சக் கணக்காகத்தான் விளங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுப் படங்களில் அம்மா எங்கே? 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது, நாங்களும் நாவற்குழிப் பக்கம் நடந்தோம்; அல்பங்கள் வீட்டோடு நின்றுவிட்டன. பிறகு எடுத்தவற்றில் அவர் போய்க்கொண்டே இருக்கிறார். தங்கச்சியின் சாமத்தியவீட்டில் ஒரு சேலைத் தலைப்பு. தீபாவளிப் படத்தில் தேத்தண்ணித் தட்டும் கலங்கிய ஒரு கையும். "அசையாதீங்கோ அம்மா" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்.

இப்போது அசையாமல் கிடக்கிறார்.

நவம்பர் 6
லென்ஸின் ஓரத்தில் பூஞ்சணம், நூல் மாதிரி.

நவம்பர் 8
காலை ஏழரைக்குக் கிழக்கு யன்னல் வெளிச்சம் கட்டிலுக்கு வருகிறது. பத்து நிமிடம்தான். பாதி முகத்தில் விழுந்து, மற்றப் பாதியைத் தலையணை வெள்ளை மெல்லத் தூக்கிவிடுகிறது. ஸ்ரூடியோவில் எவ்வளவு மினக்கெட்டாலும் அப்படி வராது. ஷட்டர் வேகம் 1/60 செக்கன், லென்ஸ் திறப்பு எப் 2.8 என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. வெளியே வந்து விறாந்தையில் நின்றேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த், தாய் இறந்த பிறகு படங்களுக்குள் அவரைத் தேடினார். ஐந்து வயதுச் சிறுமியாக நின்ற ஒரு படத்தில்தான் கண்டுகொண்டார். அதைப் பற்றி அவ்வளவு எழுதியும் நூலில் அந்தப் படத்தைப் போடவில்லை. மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு சிறுமி. சரி, அவருக்கு அந்த ஒன்று கிடைத்தது. அம்மாவைச் சின்னனில் ஒருவரும் படம் எடுக்கவில்லை. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அம்மம்மா விடமாட்டாராம்.

நான் அதை நம்புகிறவன் இல்லை.

நவம்பர் 9
மழை. வெளிச்சம் வரவில்லை. வராதது நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 10
கேட்காமல் எடுக்கக் கூடாது. படம் பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லுவேன். பேச்சு வராதவரிடம் எப்படிக் கேட்பது?

நவம்பர் 11
கேட்டேன். "அம்மா, ஒரு படம் எடுக்கட்டோ?"

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடக்கையைத் தூக்கி நெற்றி முடியை ஒதுக்கத் தொடங்கினார். ஒரு தரம் இல்லை, மூன்று நான்கு தரம். 1/60ஐ 1/15க்கு இறக்கினேன். அந்தக் கை கலங்கியே விழட்டும்.

அதற்குள் மருந்து வண்டி வந்துவிட்டது, திரையை இழுத்துவிட்டார்கள்.

நாளைக்கு ஏழரைக்கு மழை பெய்யக் கூடாது.