அழகர் எறங்குறதுக்குள்ள

மே 5, திங்கள்
மாப்ள வண்டி மறுபடி மக்கர். நரசிங்கம்பட்டி தாண்டி வரையில மிதி எறங்குது ஆர்பிஎம் 1500க்கு மேல ஏறல, பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வாரான், தங்கச்சி உள்ள உக்காந்துருக்கா. ஸ்கேனர்ல அதே பி2135 ஃபால்ட் கோடு. இன்ஜினுக்குக் காத்து விடுற த்ராட்டில்ல இருக்குற ரெண்டு சென்சார் சொல்றதும் ஒத்துப்போகலன்னா இன்ஜின் கம்ப்யூட்டர் ஈசியூ ரெண்டையும் நம்பாது, த்ராட்டில் மோட்டாருக்குக் கரண்ட்டை நிப்பாட்டிரும், ஸ்பிரிங்கு உள்ள இருக்குற காத்துத் தகடு பட்டர்ஃபிளைய லேசாத் தொறந்து வச்சுக்கும், ஊந்துக்கிட்டு வீடு வரலாம் அம்புட்டுத்தான். போன மாசம்தான் வேற எடத்துல 18,000 வாங்கிக்கிட்டு புது த்ராட்டில் பாடி மாத்தி விட்டாக. கோடு வந்தா பார்ட்டை மாத்துறதா வேலை? வயித்தெரிச்சலா இருக்கு.

மே 6
சாவி ஆன், இன்ஜின் ஆஃப். சென்சாருக்கு சப்ளை 5 வோல்ட் சரியா வருது, எர்த்தும் சுத்தம். ஒரு சிக்னல் 0.7, இன்னொண்ணு 4.3. பெடலை பைய அமுக்க அமுக்க ஒண்ணு ஏறுது ஒண்ணு எறங்குது, இந்த வண்டில ரெண்டையும் கூட்டுனா 5 வரணும், வருது. ஒரு தப்பும் இல்ல.

மே 7
40 கிலோமீட்டர் ஓட்டுனேன். ஃபால்ட் வரவே இல்ல.

மே 8, வியாழன்
திருக்கல்யாணம். அம்மா தாலிக்கயிறு மாத்திட்டு நேரா என் ஒர்க்ஷாப் செட்டுக்கு வந்துருச்சு. "அழகர் எறங்குற அன்னைக்கு தங்கச்சிக்கு வலி எடுத்துட்டா என்னடா செய்வ, கோரிப்பாளையத்துல எள்ளு போட்டா எள்ளு விழாதே"ன்னுது. 14தான்மா டேட்டுன்னேன். ரிங் ரோடு சுத்திப் போயிரலாம், வண்டி ஏறணுமே.

மே 9
சாவி ஆன்ல இருக்கையில பையன் பட்டர்ஃபிளைக்குள்ள விரலை விடப் போனான், கையத் தட்டி விட்டேன். பட்டுன்னு மூடுனா விரலு நசுங்கிரும்டா. ரொம்பக் கத்திட்டேன் பாவம்.

மே 10, சனி
கெடச்சுருச்சு!! டிஜிட்டல் மீட்டர் காட்டாதது பழைய முள்ளு மீட்டர்ல தெரிஞ்சுச்சு. இன்ஜினைச் சூடாக்கிட்டு த்ராட்டில் ஒயர் கனெக்டரை ஆட்டுனா முள்ளு ஒரு துடி துடிக்குது. கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தேன், 6 பின்னு. தனி ஆண் பின்னு ஒண்ணை எடுத்து ஒவ்வொண்ணுலயும் சொருகிப் பாத்தா அஞ்சு இறுக்கிப் பிடிக்குது, ஒண்ணு மட்டும் பிடிமானமே இல்லாம தானா கழண்டு வருது. செக் பண்றேன்னு யாரோ மீட்டர் முனைய முன்பக்கமாக் குத்தி வாயை விரிச்சு விட்டுருக்காக. புது பின்னை ஒயர்ல நசுக்கிக் கிரிம்ப் பண்ணி, த்ராட்டில் நெலைய ஈசியூ புதுசாப் படிச்சுக்க ரீலேர்ன் கொடுத்தேன்.

மே 11
மேலூருக்கு மூணு நடை. எதிர்சேவைக் கூட்டத்துல ஊந்து ஊந்து, இன்ஜின் நல்லா சூடு. வரல. சரியாத்தான் ஆயிருச்சா, இல்ல 7ந்தேதி மாதிரி சும்மா வராம இருக்கா? அந்த ஒத்தப் பின்னுதானா? வேற எங்கயும் உரசுதா? மறுபடி எந்திரிச்சுப் போயி ஆட்டிப் பாத்தேன்.

மே 12, ராத்திரி 2.40
மாப்ள போன். பனிக்குடம் ஒடஞ்சுருச்சாம். நான்தான் வண்டி எடுக்குறேன், ஸ்கேனரையும் முன் சீட்டுல போட்டுக்கிட்டேன்