வாய்க்காலுக்கு மேற்கே ஒரு வீடு, வாடகைக்கு

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டை வாடகைக்கு விடுகிறோம். விற்கவில்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தம்பியோடு பல வருஷம் பேச வேண்டியிருந்தது.

தம்பி கல்யாணம் வழியாகப் பிரான்சுக்குப் போனவன். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்களுக்கு ஆறு மாசம் தவணை கொடுத்தார்கள். அவன் மாமனார் வீட்டார் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தாத்தா கொடுக்கவில்லை. வீட்டுப் பத்திரம் மட்டும் பிரெஞ்சிலேயே நின்றுவிட்டது. முன்பு அப்பா படித்துச் சொல்வார். இப்போது தம்பி மகள் வீடியோ காலில் படித்துச் சொல்கிறாள்.

2014 நவம்பர் மழையில் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மாளிகை, இடிந்த அன்று அவன் போன் செய்தான். "அவ்ளோ பெரிய கட்டடமே விழுந்துடுச்சு. நம்ம வீடு எம்மாத்திரம்? நீ தனியா இருக்கே. வித்துடலாங்கா." அவன் பயம் எனக்குப் புரிந்தது. அடுத்த மாசமே வந்த தரகர், "கட்டடத்துக்கு விலை இல்லம்மா, இடத்துக்குத்தான்" என்றார். நடையில் செருப்போடு நின்றுகொண்டு அதைச் சொன்னார்.

வீடு எங்கள் ஊர் வழக்கப்படிதான். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கத் தெருவோரத் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, உள்ளே மரத்தூண் வைத்த முற்றம். இவ்வளவும் தமிழ். மாடிக்குப் போனால் வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும் பிரெஞ்சு. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள்மேல் அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு அடித்த தளம்.

ஒரு தப்பு செய்தோம். ஒழுகிய இடத்தில் அப்பா காலத்தில் சிமெண்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. சுவர் உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்தது. போன வருஷம் சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பே பூசினோம். கடுக்காய், வெல்லம் ஊறவைத்த வாசனை வீட்டில் ஒரு மாசம் இருந்தது. அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

பக்கத்து வீட்டை இடித்தபோதுதான் நான் விற்பதில்லை என்று முடிவு செய்தேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் இயந்திரம் இடிக்க, இந்தப் பக்கம் எங்கள் பூஜை அறையில் உச்சியிலிருந்து விரிசல் ஓடியது. நாங்கள் விற்றால் அடுத்த விரிசல் யார் வீட்டில் ஓடும்? தம்பிக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். ராத்திரி, "சரிக்கா, வாடகைக்கே விடு" என்றான்.

இடிக்காமலும் ஒரு தெரு பிழைக்கும். வைசியாள் வீதியில் முகப்புகளைப் பழையபடி சீர்செய்து, 2008-ல் யுனெஸ்கோ விருதே வந்தது. பழைய வீடுகள் சில ஓட்டலாக மாறி நிலைத்திருக்கின்றன. அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் எங்கள் முற்றத்தில் குழந்தைகள் மழையில் நனைய வேண்டும் என்பது என் ஆசை. அதனால் குடும்பமாக வருகிறவர்களுக்கே முதலிடம்.

கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு. கிணற்றில் தண்ணீர் உண்டு. மாடிப்படி செங்குத்து, வயசானவர்களுக்குக் கஷ்டம். நான் மகள் வீட்டுக்குப் போவதே முழங்கால் வலியால்தான். சுவரில் ஆணி அடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். திண்ணைக்கு மட்டும் கிரில் போடாதீர்கள். மத்தியான வேளையில் பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்து அங்கேதான் உட்காருவார். ஐப்பசி மழை தொடங்குமுன் சாவியைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.