ஸ்கிரீன்ஷாட்டுக்குள் ஓர் ஆள்

ஆப் ஸ்டோர் பக்கத்தில் செயலியைக் காட்ட வைக்கும் ஸ்கிரீன்ஷாட் வேலை எப்போதும் கடைசி நாளில்தான் என் மேஜைக்கு வரும். நிரல் எழுதி முடித்து, சோதனை முடித்து, தனியுரிமைக் கொள்கைப் பக்கம்கூடத் தயாரான பிறகு, "அந்த நாலு படத்தையும் போட்டுவிடுங்கள், இன்றே அனுப்பிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். மாதக்கணக்கில் உழைத்த செயலியை முன்பின் தெரியாத ஒருவர் முதலில் பார்க்கப்போவதே அந்த நான்கு படங்களைத்தான். அது அந்த நேரத்தில் யார் நினைவுக்கும் வராது. விளக்கக் குறிப்பை மட்டும் சொல் சொல்லாகச் செதுக்குவோம். ஆப் ஸ்டோர் பக்கத்தில் அது படங்களுக்குக் கீழே, இரண்டு மூன்று வரிகளோடு மடிந்து கிடக்கும்.

நேரம் இல்லாதபோது எல்லோரும் அலங்காரத்தில் இறங்கிவிடுகிறார்கள். சாய்ந்து நிற்கும் போன் சட்டகம், பின்னால் ஊதாவிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் வண்ணம், மேலே தடித்த எழுத்தில் ஒரு வாசகம். இவற்றில் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அழகான சட்டகத்துக்குள் உற்றுப் பார்த்தால் 'பயனர் 1', 'சோதனை', 'சோதனை 2' என்று இருக்கும். ஆள் குடியேறாத வீட்டுக்கு வாசலில் தோரணம் கட்டியதுபோல. செயலியை ஒருவர் உண்மையிலேயே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்ற தோற்றம் படத்தில் இல்லாவிட்டால் சட்டகமும் வண்ணமும் எதையும் காப்பாற்றுவதில்லை. அதனால் ஸ்கிரீன்ஷாட் வேலையில் பெரும்பகுதி நேரத்தை நான் மாதிரித் தரவுக்கே, அதாவது படத்துக்காகத் திரையில் நிரப்பும் கற்பனைத் தகவலுக்கே, ஒதுக்குகிறேன்.

மாத்திரை வேளையை நினைவூட்டும் செயலி ஒன்றுக்குப் படம் தயாரித்தோம். முதலில் என் கைக்கு வந்த திரையில் 'மருந்து அ', 'மருந்து ஆ' என்று இரண்டே வரிகள். மீதித் திரை வெள்ளை. அதை ஒதுக்கிவிட்டு, அறுபதைக் கடந்த ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொண்டோம். இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒன்று, சர்க்கரைக்கு உணவோடு இருவேளை, வாரத்துக்கு ஒருமுறை வைட்டமின் டி. செவ்வாய்க்கிழமை இரவு மாத்திரையை மட்டும் அவர் தவறவிட்டிருக்கிறார். அந்த ஒரு நாள் சிவப்பாகத் தெரிந்த பிறகுதான் வாராந்தர அட்டவணைத் திரை எதற்காக இருக்கிறது என்பதே படம் பார்ப்பவருக்குப் புரிந்தது. எல்லா நாளும் பச்சையாக இருந்தபோது அது வெறும் கோலமாகத்தான் இருந்தது.

கற்பனை ஆளுக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். இரண்டாம் படத்தில் மீதி 12 மாத்திரை என்றால், நான்காம் படத்தில் அதே மருந்து 30 என்று இருக்கக் கூடாது. இதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மாத்திரையை எண்ணி வைப்பவர்கள்தானே இந்தச் செயலியைத் தேடியே வருகிறார்கள்!

அதே வேலையில் ஒரு சிறு சிக்கல் வந்தது. ஆப்பிளின் விளம்பரப் படங்களில் போன் எப்போதும் 9:41 காட்டும். அதைப் பார்த்து எல்லோரும் அதையே வைக்கிறார்கள். எங்கள் வடிவமைப்பாளரும் வைத்திருந்தார். மேலே மணி 9:41. கீழே 'இரவு 8 மணி மாத்திரைக்கு இன்னும் 10 நிமிடம்'. நினைவூட்டும் செயலிக்கு இதைவிடக் கெட்ட விளம்பரம் வேண்டியதில்லை. மேல்பட்டையை 7:50 ஆக்கினோம். கணினியிலேயே ஐபோனைப் போல இயங்கும் சிமுலேட்டரில் ஒரு கட்டளையிலும், ஆண்ட்ராய்டில் காட்சிக்கென்றே உள்ள டெமோ மோடிலும் மணி, பேட்டரி, சிக்னல் மூன்றையும் விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம். பாதி செத்த பேட்டரியோடும் நாலைந்து அறிவிப்புக் குறிகளோடும் படம் ஏற்றுகிறவர்களுக்கு இது தெரிந்தால் நல்லது.

இன்னொரு குழு தயாரித்துத் தந்த படங்களில், சோதனையாளர் ஒருவர் தம் தந்தையின் மருந்துப் பட்டியலையே பெயரோடு உள்ளிட்டிருந்தார். மிக இயல்பாக இருந்தது. ஆனால் வெளியிடவே கூடாது. உண்மையான ஒருவரின் தகவலை விட்டுக் கற்பனைக் கணக்கைக் காட்டுங்கள் என்று ஆப்பிளின் வழிகாட்டி நெறிகளிலும் எழுதியிருக்கிறது. எழுதியிருக்காவிட்டாலும் ஒருவரின் நோயைக் கடை வாசலில் தொங்கவிடலாமா?

படத்தின் அளவைப் பற்றி வாடிக்கையாளர்களோடு பேசும்போதுதான் பொறுமை அதிகம் தேவைப்படும். அவர்கள் படத்தைப் பார்ப்பது அகன்ற கணினித் திரையில். மக்கள் பார்ப்பதோ ஆப் ஸ்டோர் தேடல் முடிவில். அங்கே முன்னோட்டக் காணொளி இல்லாவிட்டால், நிமிர்ந்த படங்களில் முதல் மூன்று பக்கம் பக்கமாகக் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி நிற்கும். ஒருவர் படத்தின் தலையில் மூன்று வரி வாசகம் கேட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் கேட்டபடியே செய்து, அவருடைய போனிலேயே தேடல் முடிவின் அளவுக்குச் சுருக்கிக் காட்டினேன். கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் படிக்க முடியவில்லையே, சார்" என்றார். மூன்று வரி நான்கு சொல்லானது.

முதல் படமாகத் தங்கள் இலச்சினையைப் பெரிதாகப் போட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. ஆப்பிளின் 2.3.3 விதி இங்கே எனக்குக் கை கொடுக்கும்: ஸ்கிரீன்ஷாட் செயலி பயன்பாட்டில் இருப்பதைக் காட்ட வேண்டும், வெறும் தலைப்புப் படமோ, உள்நுழைவுப் பக்கமோ, தொடக்கத் திரையோ போதாது. கூகுள் ப்ளேயும் 'சிறந்தது', 'முதலிடம்', 'இப்போதே நிறுவுங்கள்' போன்ற வாசகங்களைப் படத்தில் தவிர்க்கச் சொல்கிறது. இந்த விதிகள் இல்லாவிட்டால் என் வாதங்களில் பாதி தோற்றிருக்கும்.

எண்ணிக்கையும் வடிவமும் சலிப்பான பகுதி. ஆப் ஸ்டோரில் ஒரு மொழிக்கு, ஒரு திரை அளவுக்குப் பத்துப் படங்கள் வரை; ப்ளேயில் ஒரு வகைச் சாதனத்துக்கு எட்டு. ப்ளேயின் விதிப்படி நீண்ட பக்கம் குறுகிய பக்கத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது. ஐபோனுக்குச் செய்த 1290×2796 பிக்சல் படத்தை அப்படியே அங்கே ஏற்ற நினைக்கும்போது இது காலை வாரும். 1080×1920 கேன்வாஸில் தனியாக அமைத்துவிடுவது நிம்மதி.

ஒரே போன் படத்தை இரண்டு படங்களில் பாதிப் பாதியாக நீட்டிக் காட்டும் பாணியை நான் தவிர்க்கிறேன். வடிவமைப்புப் பலகையில் அது கண்ணைப் பறிக்கும். வரிசையை மாற்றிப் பார்க்கும் நாளில் இரண்டு படமும் சேர்ந்து வீணாகும். வரிசையை மாற்றிப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. ப்ளேயில் நடப்புப் பதிப்போடு மூன்று மாற்றுகள் வரை வைத்து, வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டி, எது அதிகம் நிறுவ வைக்கிறது என்று சோதிக்கலாம். ஆப்பிளிலும் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 15 காலத்திலிருந்து மூன்று மாற்றுகளை 90 நாள் வரை ஓடவிடலாம். பின்னணி நிறத்தை மட்டும் மாற்றிய சோதனைகளில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு எதையும் நான் பார்த்ததில்லை. முதல் படத்தில் எந்தத் திரை நிற்கிறது என்பதை மாற்றும்போதுதான் சோதனை வரைபடத்தில் கோடு அசைந்தது. மாத்திரைச் செயலியில் வரவேற்புத் திரையை எடுத்துவிட்டு, சிவப்பு விழுந்த அந்த வாராந்தர அட்டவணையை முன்னுக்குக் கொண்டுவந்தோம்; அதற்குப் பிறகு அந்த இடத்தை வேறு எதுவும் பிடிக்கவில்லை.

இப்போது எங்கள் குழுவில் அந்தப் பெண்மணியின் மருந்துப் பட்டியல் நிரலோடு சேர்ந்தே ஒரு கோப்பாக இருக்கிறது. ஃபாஸ்ட்லேன் கருவி ஒவ்வொரு மொழியிலும் செயலியைத் திறந்து, அந்தக் கோப்பை ஏற்றி, படங்களைத் தானே எடுத்துத் தருகிறது. தேதிகளை மட்டும் நேரடியாக எழுதாமல் 'இன்று', 'நேற்று', 'மூன்று நாளுக்கு முன்' என்ற கணக்கில் வைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுப் பதிப்பிலும் அவர் போன ஆண்டு மாத்திரையையே விழுங்கிக்கொண்டிருப்பார். திரையில் ஒரு பொத்தான் இடம் மாறினாலும் இரவோடு இரவாகப் புதுப் படங்கள் வந்துவிடுகின்றன. மறுநாள் காலையில் அவற்றைப் போனில் சுருக்கிப் பார்க்கும் வேலை மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.