பேராசிரியருக்கு முதலில் எழுதலாமா?

சென்ற ஆண்டு முனைவர் பட்டத்துக்கு அமெரிக்காவில் ஆறு வரலாற்றுத் துறைகளுக்கு விண்ணப்பித்தேன், ஆறும் மறுத்தன. இந்த ஆண்டு மூன்றுதான், இரண்டில் இடம் கிடைத்தது. ஏப்ரல் 15 கெடு என்பதால் நேற்று ஒன்றுக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். மதிப்பெண், மாதிரிக் கட்டுரை, பரிந்துரைத்தவர்கள் எல்லாம் பழையவைதான். விண்ணப்பிக்கும் முன், செப்டம்பரில், பேராசிரியர்களுக்கு எழுதிய நான்கு கடிதங்கள் மட்டுமே புதியவை.

“தேர்வுக் குழுதான் முடிவு செய்யும், பேராசிரியருக்கு எழுதிப் பயனில்லை” என்று முதல்முறை ஒருவர் சொன்னார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ஆறு விண்ணப்பக் கட்டணம் கொடுத்தேன். நான் பெயர் குறித்திருந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெறப்போகிறார். இன்னொருவர் வேறு பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார், பழைய துறையின் இணையப் பக்கத்தில் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இம்முறை எழுதிய முதல் வரைவு இரண்டு பக்கம். தேவகோட்டை வீடு, வளவுத் தூண்கள், அப்பத்தா, எல்லாம் இருந்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் ஆய்வு நூலகமாக்கிய கதைக்கும் ஒரு பத்தி. தென்னாசிய வரலாற்றுக்காரரிடம் இதைச் சொல்வது கொல்லத் தெருவில் ஊசி விற்பதுதான். ஆச்சி படித்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது, முகூர்த்தத் தேதியைத்தான் காணோம்” என்றாள்.

எட்டு வரியாக வெட்டினேன். கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் அவர்கள் கொடுத்த கடன்கள் மூழ்கியதால் 1938க்குள் 25 விழுக்காட்டை எட்டியது. நெல் நிலம் வேண்டாமலே கைக்கு வந்ததை அங்கிருந்த மேலாள்கள் (செட்டியார் கடைகளின் முகவர்கள்) ஊருக்கு எப்படிக் கணக்கெழுதினார்கள் என்பதே என் கேள்வி. கூடவே எங்கள் வீட்டுப் பேரேட்டில் ஒரு பக்கத்தின் புகைப்படம். கடைசி வரி: “இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா?”

ஒருவர் எடுக்கவில்லை என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டார், கட்டணம் மிச்சம். இன்னொருவர் பத்தொன்பது நாள் கழித்து எழுதினார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பெட்டியடிப் பையன் (கடையின் இளநிலைக் கணக்குப் பையன்) கிறுக்கியிருந்த விளக்கெண்ணெய்க் கணக்கு என்ன என்று கேட்டார், என் கேள்வியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கேதான் போகிறேன். மிக அன்பாக, நீளமாக எழுதியவரின் துறை மறுத்துவிட்டது. பதிலே போடாதவரின் துறை இடம் கொடுத்தது. ஆகவே பதிலை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள்.

இனிச் சில குறிப்புகள்:

- டிசம்பர் கெடுவுக்கு நவம்பர் கடைசியில் எழுதாதீர்கள். ‘முன்கூட்டித் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று துறையே சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள்.
- பிரிட்டனில் பல துறைகள் முதலில் மேற்பார்வையாளரிடம் பேசச் சொல்கின்றன. ஜெர்மனியில் தனியாக முனைவர் பட்டம் செய்ய, மேற்பார்வையாளர் சம்மதிக்காமல் எதுவும் நகராது.
- நம் நாட்டில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேறினாலும் வழிகாட்டியிடம் காலியிடம் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் 8 ஆய்வு மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. இதை நேரில் போய்க் கேட்பதில் வெட்கமில்லை.
- நினைவூட்டல் ஒன்று போதும், இரண்டு வாரம் கழித்து. தொலைபேசி வேண்டவே வேண்டாம். (கூச்ச சுபாவக்காரி சொல்கிறேன், துணிந்தவர்கள் இதைத் தாண்டிப் படிக்கலாம்.)
- அவர் எழுதியதில் ஒரு கட்டுரையையாவது அடிக்குறிப்போடு படித்துவிட்டு எழுதுங்கள்.
- புகைப்படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நான் முகப்பில் பாயை விரித்து எடுத்தேன், ஓரத்தில் அப்பச்சியின் செருப்பு விழுந்துவிட்டது. அப்படியே அனுப்பினேன்.