குதிரைக்கு டெண்டன் கிழிஞ்சா காலை மட்டும் பாத்துட்டு இருக்காதீங்க

எங்க குதிரைக்கு இடது முன்னங்கால்ல பின்பக்க டெண்டன் (தசையை எலும்போட இணைக்கிற கெட்டியான நார்) கிழிஞ்சு, இப்பதான் ஒருவழியா மெதுவா ஓட விடுற கட்டத்துக்கு வந்திருக்கோம். குதிரை வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், முட்டிக்குக் கீழ வில்லு வளைஞ்ச மாதிரி வீங்கி நிக்குமே, அதேதான். காலுக்கு செஞ்சதுல புதுசா ஒண்ணும் இல்ல, ஆரம்பத்துல ஒவ்வொரு தடவையும் 20 நிமிஷம் பச்சைத்தண்ணி அடிச்சோம், கட்டு போட்டோம், லாயத்துலயே நிறுத்தினோம். மத்த விஷயங்கள்லதான் உயிரே போச்சு.

முதல்ல வந்த டாக்டர் காலை அழுத்திப் பாத்துட்டு "சுளுக்குதான், நொண்டுறது நின்னுட்டா ஏறி ஓட்டலாம்"னு சொல்லி ஒரு ஊசி போட்டுட்டுக் கிளம்பிட்டாரு. ஸ்கேன்ங்கிற பேச்சே இல்ல. சீட்டு கேட்டதுக்கு "அப்புறம் தரேன்"னாரு, வரவே இல்ல. ராத்திரி வலி கூடிப்போய் வேற டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம், அவங்க வாசல்லயே கேட்டது என்ன மருந்து எத்தனை மணிக்குப் போட்டாங்கன்னுதான். ஃபினைல்பியூட்டசோன், ஃப்ளுனிக்சின் ரெண்டுமே வலி, வீக்கம் குறைக்கிற மருந்து, முன்னது ஏற்கனவே போயிருந்து அதுக்கு மேல பின்னதையும் போட்டா வயித்துப் புண், குடல், கிட்னின்னு எல்லாத்துக்கும் ஆபத்து, தெரியாம எப்படிப் போடுறதுன்னு அவங்க தயங்கினது நியாயம். முதல்ல வந்த அந்த ஆளு போனே எடுக்கல. ஒரு துண்டுச் சீட்டு இல்லாததால எங்க குதிரை வலியோட நின்னான், அதை நினைச்சா இப்பவும் ஆத்திரமா வருது. யாரு வந்து ஊசி போட்டாலும் மருந்து பேரு, அளவு, நேரம் மூணையும் அங்கயே எழுதி வாங்கிடுங்க, கூச்சமே படாதீங்க.

அடுத்தது ஸ்கேன். போன்ல கேட்டு "வாங்க"ன்னு சொன்னதால வண்டியில ஏத்தி அவ்வளவு தூரம் போனா, மெஷின் இருக்கு, பாக்குற ஆளு லீவு. அடிபட்ட காலோட ஒரு குதிரையை வண்டியில ஏத்தி இறக்குறது என்ன பாடுன்னு கவுன்டர்ல இருந்தவருக்குப் புரியவே இல்ல, "நாளைக்கு வாங்களேன்"ங்கிறாரு. கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்கேன் பாக்குறவர்கிட்டயே பேசுங்க. அடி முன்னங்கால்லன்னா முடிஞ்சவரைக்கும் குதிரை வண்டியோட பின்பக்கம் பாத்து நிக்கிற மாதிரி ஏத்துங்க, பிரேக் போடுறப்ப பாரம் முன்னங்கால்ல விழாது. இன்னொண்ணு, அடிபட்ட உடனே எடுக்குற ஸ்கேன்ல கிழிசல் சின்னதா தெரியலாம், முதல் சில நாள்ல அது பெருசாகும், அதனால ஒரு வாரம் கழிச்சு திரும்பப் பாக்கச் சொல்வாங்க. பாருங்க.

ஸ்கேன்ல கிழிசல் தெளிவா தெரிஞ்சுது. முதல் டாக்டர் பேச்சைக் கேட்டு ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே பயமா இருக்கு, ஏன்னா சூடும் வீக்கமும் கொஞ்ச நாள்ல வடிஞ்சு குதிரை நல்லா நடக்க ஆரம்பிச்சிடும், ஆனா உள்ள டெண்டன் ஆற 9 மாசத்துல இருந்து 12 மாசம் வரைக்கும் ஆகும்.

லாயத்துல நிறுத்தினதும் வந்த பெரிய பயம் வயிறு. நாள் பூரா நடந்துட்டு இருந்த குதிரை திடீர்னு நின்னா குடல் மந்தமாகி லத்தி இறுகிடும். ஒருநாள் காலையில பாத்தா லத்தி ரொம்ப கொஞ்சம், சின்னச் சின்னதா காஞ்சு கிடக்கு, அவன் திரும்பித் திரும்பி விலாவைப் பாக்குறான். டாக்டரம்மா உடனே வந்து மூக்கு வழியா குழாய் விட்டு தண்ணி ஏத்தினாங்க, தப்பிச்சான். அதுல இருந்து தானியத்தைக் குறைச்சு, காஞ்ச புல்லை நனைச்சு கொஞ்சம் கொஞ்சமா பலதடவை போடுறோம், லத்தியையும் தண்ணி வாளியையும் தினம் கணக்கு வைக்கிறோம்.

அப்புறம் நல்ல கால். வலிக்கிற காலை ஊனாம மத்த காலே பாரம் தாங்கிட்டு இருந்தா அந்தக் குளம்புல லாமினைட்டிஸ் (குளம்புக்கு உள்ள இருக்கிற திசு அழற்சி) வரலாம், வந்துட்டா அடிபட்ட காலை விட அதுதான் உயிருக்கு ஆபத்து. அதனால ரெண்டு முன்னங்கால்லயும் கட்டு, கீழ கனமா படுக்கை, காலையும் சாயங்காலமும் குளம்பைத் தொட்டு சூடு பாக்குறது, கணுவுக்குப் பின்னாடி விரல் வச்சு நாடி எகிறுதான்னு பாக்குறது. கட்டுக்கு அடியில பஞ்சு தடிமனா, சுருக்கம் இல்லாம இருக்கணும். ஒரே இடத்துல இறுகினா கட்டே டெண்டனைக் கெடுத்துடும்.

கயிறு புடிச்சு நடத்துறதை ஆரம்பிக்கிற நாளுக்குத் தயாரா இருங்க. அடைஞ்சு கிடந்த குதிரை வாசல் தாண்டினதும் துள்ளும், அந்த ஒரு துள்ளல்ல ஆறினதெல்லாம் திரும்பக் கிழிஞ்சிடலாம். டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு லேசான மயக்க மருந்து கொடுத்துத்தான் வெளிய கூட்டிட்டுப் போனோம், தலையில ஹெல்மெட், கையில கிளவுஸ், நீளமான கயிறு, கெட்டியான தரை, நேர்க்கோட்டுல 5 நிமிஷம், அவ்வளவுதான். வட்டம் சுத்த விடவே இல்ல.

போன ஸ்கேன்ல நார் எல்லாம் நீளவாக்குல சேர்ந்து வருதுன்னு டாக்டரம்மா திரையில காட்டினாங்க, அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கினேன். வேகமா ஓட விட இன்னும் அனுமதி இல்ல, அடுத்த ஸ்கேன் பாத்துட்டுத்தான். அதுவரைக்கும் யாரு வந்து "நல்லாத்தான நடக்குறான், ஏறிப் பாரு"ன்னு சொன்னாலும் சேணத்தை எடுக்குறதா இல்ல.