ஞானப்பல்லை எடுத்த பிறகுதான் வேலையே

ஈறு வீங்கும், மாத்திரை போட்டால் வடியும், சில வாரம் கழித்து மறுபடியும் வீங்கும். என் கீழ்த்தாடையின் வலப்பக்க ஞானப்பல் வெகுகாலம் இப்படித்தான் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. பாதி வெளியே, பாதி ஈறுக்குள். அந்த மடிப்பில் உணவுத் துணுக்குகள் போய்த் தங்கும்; பிரஷ் எட்டாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பல் நேராக நிற்காமல் முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்மேல் சாய்ந்து கிடந்தது. "விட்டுவைத்தால் அந்த நல்ல பல்லும் சொத்தையாகலாம்" என்றார் மருத்துவர். தொல்லை தராத ஞானப்பல்லை எடுக்க வேண்டியதில்லை என்பதையும் அவரே சொன்னார். அதனால்தான் அவர் பேச்சில் நம்பிக்கை வந்தது. தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பையும் படத்தில் காட்டினார். அது பாதிக்கப்பட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகலாம், பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும், அரிதாக அப்படியே நின்றுவிடும் என்று விளக்கிய பிறகே கையெழுத்து வாங்கினார்.

நாற்காலியில் நடந்ததைச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மரத்துப்போக ஊசி. "வலி தெரியாது, அழுத்தம் தெரியும். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்" என்றார். பல்லை அறுத்துத் துண்டுகளாக எடுக்கும்போது அந்தக் கருவியின் சத்தம் காதில் கேட்கவில்லை, மண்டைக்குள் அதிர்ந்தது. கை தூக்கும் தேவை வரவில்லை. தையல் போட்டு, மடித்த துணியை வைத்துக் கடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உண்மையான வேலை வீட்டில்தான். பல் இருந்த குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் அடியில் உள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கிறது. அது கழன்றுவிட்டால் குழி வறண்டு, காதுவரை இழுக்கும் வலி வரும்; பெரும்பாலும் எடுத்த 3 முதல் 5 நாட்களுக்குள். அதனால் முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது, உறிஞ்சுகுழல் கூடாது. புகைப்பவர்களுக்குச் சிகரெட் அறவே கூடாது, அதுவும் பல நாட்களுக்கு. வாயில் இரத்தம் கலந்த எச்சில் ஊறும்போது துப்பாமல் இருப்பது இருக்கிறதே, அறுவையைவிட அதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டியிருந்தது.

வலி மாத்திரையை மரப்பு விடுவதற்கு முன்பே போட்டுக்கொண்டது நல்லதாயிற்று. வலி ஏறிய பிறகு இறக்குவது கடினம். முதல் நாள் முழுக்கத் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், 20 நிமிடம் வைப்பதும் எடுப்பதுமாக. இருந்தும் வீக்கம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போனது. பாதி முகம் யாருடையதோ போல் இருந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்ததால் பதறவில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தாடை இறுகியதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. வாய்க்குள் ஒரு விரல்தான் நுழைந்தது. வெதுவெதுப்பான உப்பு நீரைக் கொப்பளிக்காமல் வாயில் சாய்த்துச் சாய்த்து வெளியே வழியவிட்டதும், மெல்லத் திறந்து மூடியதும் பலன் தந்தன. தையல் பிரித்த பிறகும் குழி உடனே மூடிவிடவில்லை. ஈறு மூடச் சில வாரம், எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகும். அதுவரை சாப்பிட்டதெல்லாம் அங்கே போய் உட்காரும். வளைந்த முனையுள்ள சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சித்தான் வெளியே எடுக்க வேண்டும். எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அதே பக்கத்து மேல் ஞானப்பல்லுக்குக் கடிக்க இப்போது எதிர்ப்பல் இல்லை. அது கீழே இறங்கி ஈறில் இடிக்கிறதா என்று அடுத்த பரிசோதனையில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.