வேலியில் கம்பளி பொறுக்கி நூற்றுப் பார்த்தேன்

வேலைவெட்டி இல்லாமல், புத்தி ஓரிடத்தில் நிற்காமல் பகல்கனவு கண்டுகொண்டிருப்பவரை இங்கிலாந்தில் 'வுல்கேதரிங்' செய்கிறார் என்பார்கள். நேர்ப்பொருள் கம்பளி பொறுக்குவது. 1553-லேயே அச்சில் வந்துவிட்ட வழக்கு இது. செம்மறிகள் முட்புதரில் உரசிப் போகும்போது சிக்கிக்கொள்ளும் ரோமத்துக்காக ஏழைப் பெண்களும் பிள்ளைகளும் புதர் புதராக அலைந்தார்கள், பார்த்தவர்களுக்கு அது போக்கிடம் இல்லாமல் சுற்றுவதாகத் தெரிந்தது, அதனால்தான் இந்த அர்த்தம் ஒட்டிக்கொண்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தக்கிளியில் (கையால் சுழற்றி நூல் நூற்கும் கதிர்) நூற்கப் பழக ஆரம்பித்த நாளில் இருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. சரி, செய்தே பார்ப்போம் என்று இறங்கினேன்.

நான் இருப்பது வடமேற்கு இங்கிலாந்தில், கெண்டல் என்ற ஊர்ப் பக்கம். மலையேறினால் எங்கும் ஆடுதான். பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கேட்டேன், தாராளமாக எடுத்துக்கொள் என்றார். கோடைத் தொடக்கம்தான் தோதான சமயம்: பழைய ரோமத்துக்கும் அடியில் புதிதாக முளைப்பதற்கும் நடுவே இழை மெலிந்துவிடுவதால், கத்தரிப்பதற்கு முன்பே கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். கேட் கட்டை, கல் சுவரின் மூலை, முள்கம்பி என ஆடு முதுகு சொறியும் இடமெல்லாம் பார்க்க வேண்டும். (முள்கம்பி 1870-களில் பரவிய சமாச்சாரம், அந்தக் காலத்துப் பெண்களுக்கு வெறும் முட்செடிதான்.) ஒரு கொத்தைப் பிரித்தால் மேலே பாசிப் பச்சை, சருகு, காய்ந்த சாணம், உள்ளே பாலாடை நிறம், விரலெல்லாம் லானோலின் என்ற ரோம எண்ணெயின் பிசுபிசுப்பு.

கழுவுவதில்தான் கவனம் வேண்டும். வலைப்பையில் போட்டு, 60 டிகிரி வெந்நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு அப்படியே ஊற விடணும், கசக்கவே கூடாது. கசக்கினாலோ, சூட்டில் இருந்து சட்டென்று பச்சைத் தண்ணீருக்கு மாற்றினாலோ எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாய் மாதிரி ஆகிவிடும். அழுக்கும் பிசுக்கும் போனபின் பொறுக்கியதில் பாதி தேறினாலே பெரிது. ஒரு ஆட்டை முழுசாகக் கத்தரித்தால் சுமார் இரண்டு கிலோ கிடைக்கும், அதை நினைத்தால் ஒரு பைக்கு எத்தனை வேலி நடக்க வேண்டியிருக்கிறது என்று புரியும்.

நூற்பதில் முதலில் இழை அறுந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் வேலிக் கம்பளியில் ஒரு கொத்து விரல் நீளம், அடுத்தது அதில் பாதி. நீளவாரியாகப் பிரித்து, ரெண்டு கார்டிங் பிரஷ்ஷுக்கு (கம்பிப் பல் வைத்த பலகைச் சீப்பு) நடுவே சீவி, சுருட்டிப் பட்டையாக்கிய பிறகு நிலைமை மாறியது. தக்கிளியைச் சுழற்றி, முறுக்கு ஏறியதும் முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் பட்டையை மெல்ல இழுத்து விடுகிறேன். இப்போது இழை ஓரளவு சீராக வருகிறது. இரண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கியதில் ஒரு சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூல்) தேறியது. தொங்கவிட்டால் தன்னால் சுருண்டுகொள்ளவில்லை, முறுக்கு சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஹெர்ட்விக் ஆட்டு ரோமம் என்பதால் சொரசொரப்பு அதிகம், கழுத்தில் போட முடியாது. குட்டியில் கறுப்பாகப் பிறந்து வயதாக வயதாக வெளுக்கிற இனம் அது, அதனால் ஒரே நூலில் நாலைந்து சாம்பல் நிறம் ஓடுகிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

புத்தி அலைகிறது என்பது உண்மைதான். கண் வேலி மேலேயே இருக்கும், கை தானாக எடுக்கும், மனசு எங்கேயோ போய் வரும். ஆனால் சும்மா இருப்பது என்ற அர்த்தத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வேல்ஸில் 19-ஆம் நூற்றாண்டிலும் பெண்கள் கூட்டமாகப் பல மைல் நடந்து மலைப் பண்ணைகளுக்குப் போய்க் கம்பளி சேர்த்து வந்தார்கள், அதில்தான் குடும்பத்துக்குத் துணியும் காலுறையும். கெண்டல் நகரச் சின்னத்தில் லத்தீனில் துணிதான் எனக்குச் சோறு என்று பொறித்திருக்கிறது. அந்தச் சோற்றுக்குப் பருக்கை பருக்கையாகச் சேர்த்தவர்களின் வேலைக்கு இப்படி ஒரு பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள், முதுகு வளைத்து ஒரு மதியம் பொறுக்கியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து, தனியாக எடுத்து வைத்திருக்கும் வெள்ளை ஸ்வேல்டேல் இன ஆட்டின் கம்பளிக்குப் படிகாரம் போட்டு வெங்காயத்தோலில் சாயம் ஏற்றணும். அதில் கலந்திருக்கும் முரட்டு முடி சாயத்தைச் சரியாகப் பிடிக்காது என்கிறார்கள், அதனால் நூல் புள்ளி புள்ளியாக வருமா என்று பார்க்க வேண்டும்.